எக்ஸ்போவுக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க

எக்ஸ்போ போய்ட்டு வந்த நம்ம பசங்க பையைத் திறந்து பாருங்க. நாலு கேட்லாக், ரெண்டு பேனா, ஒரு துணிப்பை, அதுக்குள்ள இன்னொரு துணிப்பை. போனில் பத்துப் பதினஞ்சு போட்டோ. மறுநாள் ரிப்போர்ட் எழுதச் சொன்னா கேட்லாக்கைப் பார்த்து அப்படியே எழுதி, கடைசியில் "இந்தப் பயணம் எங்களுக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது"னு ஒரு வரி போட்டு முடிச்சிடுவோம். நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். இதுவரைக்கும் எல்லா ரிப்போர்ட்டையும் அப்படித்தான் முடிச்சிருக்கேன்.

இந்தத் தடவை ஒரே எக்ஸ்போவுக்கு ரெண்டு வாட்டி போனேன். வெள்ளிக்கிழமை கிளாஸோட, ஞாயித்துக்கிழமை எங்கம்மாவோட. ரெண்டாவது வாட்டி போன பிறகுதான், முதல் வாட்டி நான் ஒண்ணையுமே சரியாப் பார்க்கலைனு தெரிஞ்சுது.

வெளியூர்ல இருந்து வந்து ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்காக ரெண்டு வரி. திருப்பூர்ல எக்ஸ்போவுக்குப் பஞ்சமே கிடையாது. திருமுருகன்பூண்டியில் இதுக்குன்னே ஒரு நிட் ஃபேர் வளாகம் இருக்கு. வெளிநாட்டு பையர்களுக்காக இந்தியா நிட் ஃபேர், நூலுக்கு யார்னெக்ஸ், மெஷினுக்கு நிட்-டெக், நிட் ஷோன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு நடக்கும். பக்கத்துல கோவை கொடிசியாவில் இன்டெக். அதே கொடிசியாவில்தான் 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு உலகப் புத்தொழில் மாநாடும் நடத்துச்சு. நான் போன எக்ஸ்போவோட பேரை இங்க சொல்லலை. ஏன்னா நான் சொல்லப்போறது எல்லா எக்ஸ்போவுக்கும் பொருந்தும்.

வெள்ளிக்கிழமை

முதல் ஹால் முழுக்க சர்க்குலர் நிட்டிங் மெஷின். ஜெர்மனி, ஜப்பான், தைவான், சீனா. ஓட்டிக் காட்டுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசறதே கேக்காது. அடுத்த ஹால்ல தையல் மெஷின், ஆட்டோ கட்டர், லேசர், பிரிண்டிங். அங்கதான் ஒரு ஸ்டால்ல நூல் உறிஞ்சுற மெஷின் வெச்சிருந்தாங்க. தைச்சு முடிச்ச டி-ஷர்ட்டை உள்ள காட்டினா, மேல ஒட்டியிருக்கிற பிசிறு நூலையெல்லாம் காத்துல இழுத்துடும். சேல்ஸ்ல இருந்த அண்ணன் நல்லா விளக்கினார். கடைசியா ஒண்ணு சொன்னார்:

"இது ஒண்ணு வெச்சீங்கன்னா மூணு ஹெல்பரைக் குறைச்சிடலாம்."

நாங்க எல்லாரும் தலையாட்டினோம். நான் நோட்டை எடுத்து, நன்மைகள்னு தலைப்புப் போட்டு, "மூன்று உதவியாளர்கள் தேவையில்லை"ன்னு எழுதினேன். நல்ல கையெழுத்துல, கீழே கோடு போட்டு.

எங்கம்மா ஹெல்பர். பதினாலு வருஷமா பனியன் கம்பெனியில் இருக்காங்க. முதல்ல கைமடி, அப்புறம் பிசிறு வெட்டறது, இப்போ செக்கிங். என் செமஸ்டர் பீஸ் பாதி அந்தக் கத்தரிக்கோல்ல இருந்து வந்தது. அது நோட்ல எழுதும்போது எனக்கு ஞாபகம் வரலை. பஸ்ல திரும்பி வரும்போது, அவிநாசி ரோட்டு டிராபிக்ல நிக்கும்போதுதான் வந்துச்சு.

அன்னைக்கு அம்மாவுக்கு ஒன்றரை ஷிப்ட். ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் வீட்டுக்கு வந்தாங்க. சாப்பிடும்போது மெதுவா சொன்னேன், இந்த மாதிரி ஒரு மெஷின் வந்திருக்குன்னு. கோவப்படுவாங்க, இல்ல பயப்படுவாங்கன்னு நினைச்சேன். ரெண்டும் இல்லை.

"அது எப்பிடி கண்ணு வெட்டும்? பட்டிக்குள்ள சிக்கிக்கிட்டு நிக்கறது வருமா? நாங்க அதுக்குத்தானே கண்ணு போயி உக்காந்திருக்கறோம்" என்றார்கள்.

எனக்குப் பதில் தெரியலை. அந்த ஸ்டால்ல இருபது நிமிஷம் நின்னிருந்தேன். மோட்டார் எத்தனை ஹெச்.பி.ன்னு கேட்டேன், விலை கேட்டேன், வாரன்டி கேட்டேன். இதைக் கேக்கணும்னு தோணவே இல்லை.

ஞாயித்துக்கிழமை

கடைசி நாள் ஞாயித்துக்கிழமை. அம்மாவைக் கிளப்பறதே பெரும்பாடாப் போச்சு. "மொதலாளிமாரு வர்ற எடம், நமக்கென்ன சோலி அங்க" என்று ஒரே பிடிவாதம். உள்ளே போகும் இடத்தில் ஒரு படிவம். கம்பெனி பேர், பதவி, மெயில், விசிட்டிங் கார்டு. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு பதவி என்னன்னு கேட்டதும் நான் முழிச்சேன். அம்மாதான் "செக்கிங்னு போடு கண்ணு" என்றார்கள். பிரிண்ட் ஆகி வந்த அட்டையில் பேருக்குக் கீழே செக்கிங். கழுத்துல மாட்டிக்கிட்டு நடந்தாங்க. அங்க மேனேஜிங் டைரக்டர், மெர்ச்சண்டைசர், ஸ்டூடன்ட் அட்டைகளுக்கு நடுவுல இன்னொரு செக்கிங் அட்டை என் கண்ணுல படலை.

அதே ஸ்டால். அண்ணன் முதல்ல என்னைப் பார்த்துத்தான் பேசினார். அம்மா ஒரு பீஸைக் கையில எடுத்து, உள்பக்கமாத் திருப்பி, தோள் மூட்டைப் பார்த்துட்டு மூணு கேள்வி கேட்டாங்க.

ஒண்ணு: தைச்சு முடிச்ச எடத்துல வால் மாதிரி நிக்கிற நூலை இது வெட்டுமா, இல்ல ஒட்டியிருக்கறதை மட்டும் இழுக்குமா?

ரெண்டு: கருப்பு பீஸ் ஓட்டிட்டு உடனே வெள்ளை பீஸ் போட்டா பஞ்சு ஒட்டாதா? யார் சுத்தம் பண்றது, எவ்வளவு நேரம் ஆகும்?

மூணு: இந்த உயரத்துக்கு நான் கையைத் தூக்கி நாள் முழுக்க நின்னா, சாயங்காலம் தோள் என்னத்துக்கு ஆகும்? உக்காந்து செய்ய முடியாதா?

அந்த அண்ணன் நேர்மையான ஆள். மழுப்பலை. இந்த மாடல் ஒட்டினதை இழுக்கும், வாலை வெட்டறதுக்கு வேற மாடல் இருக்கு, அதிலயும் சந்துல சிக்கினதைக் கையாலதான் எடுக்கணும் என்றார். கலர் மாத்தும்போது சுத்தம் பண்ணித்தான் ஆகணும் என்றார். மூணாவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "உயரத்தைப் பத்தி இதுவரைக்கும் யாரும் என்கிட்டக் கேட்டதில்லீங்கம்மா" என்று சொல்லி, தன்னோட டைரியில் எழுதிக்கிட்டார்.

எனக்கு அந்தப் பதில்தான் பெரிய விஷயமாப் பட்டுது. இத்தனை நாளா எத்தனை ஆயிரம் பேர் அந்த ஸ்டாலைக் கடந்து போயிருப்பாங்க? வாங்குற முதலாளி வந்தார், விக்கிற டீலர் வந்தார், நாங்க வந்தோம். அது முன்னாடி நிக்கப்போற ஆள் மட்டும் வரலை. வராதவங்க கேள்வியை யார் கேப்பாங்க?

இத்தனைக்கும் உக்கார எடம் கேக்கறது புதுசா ஒண்ணும் இல்லை. நின்னுக்கிட்டே வேலை செய்யறவங்க இடையில ஓய்வு கிடைக்கும்போது உக்கார வசதி பண்ணித் தரணும்னு 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் 44-வது பிரிவுலயே எழுதியாச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் அம்மா வேலை செய்யுற எடத்துல செக்கிங் டேபிள் நின்னு பாக்குற உயரத்துலதான் இருக்கு. ஸ்டூல் கிடையாது. டிசைன் பண்ணின ஆள் அதுல ஒரு நாள் முழுக்க நின்னு பார்த்திருந்தா வேற மாதிரி பண்ணியிருப்பார்.

பின்னல் மெஷினோட பழைய கதை

'இந்த மெஷின் எத்தனை பேரைக் குறைக்கும்'ங்கிற பேச்சு நம்ம ஊர்ல ஆரம்பிச்சது இல்லை. பின்னல் மெஷினோடயே பொறந்தது. 1589-ல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கத்துல கால்வர்ட்டன்ங்கிற ஊர்ல வில்லியம் லீ என்ற பாதிரியார், காலுறை பின்னுற சட்டகத்தைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கு ஹால்ல சத்தம் போடுற அத்தனை நிட்டிங் மெஷினுக்கும் அதுதான் பாட்டன். முதலாம் எலிசபெத் ராணிகிட்டக் காட்டி உரிமை கேட்டப்போ, கையால பின்னிப் பிழைக்கிற ஜனங்க பிச்சை எடுக்க வேண்டியதாகிடும்னு மறுத்துட்டாங்கன்னு ஒரு கதை காலங்காலமா சொல்லப்படுது. லீ பிரான்ஸுக்குப் போனார், அங்கயும் கடைசியில் கைகொடுக்க ஆளில்லாம இறந்துபோனார். ஆனா அவரோட மெஷின் சாகலை. நாட்டிங்காம் வட்டாரமே அந்த மெஷினால பெரிய தொழில் ஊரா வளர்ந்துச்சு.

அதே நாட்டிங்காம் பக்கத்துலதான் 1811-ல் தொழிலாளிங்க ராத்திரியில் புகுந்து சட்டகங்களை உடைச்சாங்க. லட்டைட்டுகள்னு நாம கேள்விப்படுறது அவங்களைத்தான். மெஷின்னாலே பிடிக்காத பழமைவாதிங்கன்னு நம்ம ஆளுங்க ஈசியாச் சொல்லிடுவோம். ஆனா உடைச்ச பலருக்கும் அந்த மெஷின்லதான் பொழப்பு. அகலமாத் துணி பின்னி, வெட்டித் தைச்சு, மட்டமான காலுறை போட்டு, அதைக் காட்டிக் கூலியைக் குறைச்ச முதலாளிங்க மேலதான் அவங்களுக்குக் கோவம். அதையும் எல்லாரோட மெஷினையும் உடைக்கலை, பார்த்துப் பார்த்துத்தான் உடைச்சாங்க. 1812-ல் சட்டகத்தை உடைச்சா மரண தண்டனைன்னு பார்லிமென்ட் சட்டம் போட்டுச்சு. அவங்க கேட்ட கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லலை.

ராணி மாதிரி தடை போடறதும் வழி இல்லை, பார்லிமென்ட் மாதிரி வாயை அடைக்கறதும் வழி இல்லை. வேற வழி இருக்கான்னு தேட இங்கிலாந்து வரைக்கும் போக வேண்டாம், கோயம்புத்தூருக்குப் போனாப் போதும்.

அருணாச்சலம் முருகானந்தத்தை 'பேட்மேன்' படத்தால எல்லாருக்கும் தெரியும். படத்துல காதல் கதையைப் பார்த்துட்டு, மெஷின் விஷயத்தை விட்டுடறோம். நாப்கின் தயாரிக்கிற வெளிநாட்டு மெஷின் லைன் கோடிக்கணக்கான ரூபாய். அவர் அந்த வேலையையே சின்னச் சின்னப் படிகளாப் பிரிச்சு, ஒரு லட்சத்துக்கும் குறைவான விலையில், கையால இயக்குற மாதிரி மெஷின் பண்ணினார். 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் அதைக் காட்சிக்கு வெச்ச பிறகுதான் வெளியே தெரிஞ்சுது. 2016-ல் பத்மஸ்ரீ. அவர் அதைப் பெரிய கம்பெனிக்கு வித்திருக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். 'எத்தனை பேரைக் குறைக்கும்'னு கேக்காம 'எத்தனை பேர் இதை வெச்சுப் பிழைக்கலாம்'னு கேட்டதால அந்த மெஷினோட உருவமே மாறிப்போச்சு. நாம இங்க கத்துக்க வேண்டிய இன்ஜினியரிங் அதுதான். கேள்வி மாறினா டிசைன் மாறும்.

முதலாளி சொல்றதும் நிஜம்தான்

இதைப் படிச்சுட்டு ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கிற வீட்டுப் பசங்க கேப்பீங்க: "எங்கப்பாவுக்கு ஆளே கிடைக்கலை. பீகார், ஒடிசாவில் இருந்து வர்றவங்க ஊருக்குப் போனா லைன் பாதி காலி. மெஷின் வாங்காம என்ன பண்றது?" நியாயமான கேள்வி. 2024-25 நிதியாண்டில் திருப்பூர் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். அது அத்தனையும் வங்கதேசம், வியட்நாம்கூட பைசாக் கணக்குல போட்டி போட்டு வாங்கின ஆர்டர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம்ம பொருளுக்கு வரியை 50 சதவீதமா ஏத்தினப்போ, எத்தனை வீட்ல தூக்கம் போச்சுன்னு இந்தக் காலேஜ்லயே பலருக்குத் தெரியும். மெஷினே வேண்டாம்னு சொல்ல நான் வரலை. திருப்பூரே மெஷினை நம்பி எழுந்த ஊர்.

ஆனா இந்த ஊரோட பலம் மெஷின் மட்டும் இல்லையே. இங்க கம்பெனி வெச்சவங்க நிறையப் பேர் ஒரு காலத்துல அதே மெஷின் முன்னாடி உக்காந்து வேலை பார்த்தவங்க. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார், 2004-ல் வந்துச்சு. விவசாயத்துல இருந்து தொழிலாளியா வந்தவங்க எப்படி முதலாளி ஆனாங்கங்கறதுதான் அதோட மையமே. எந்த ஊசி எப்ப உடையும், எந்தத் துணி எப்படி முறுக்கும்னு கையால தெரிஞ்சவங்க ஆர்டர் எடுத்ததாலதான் இந்த ஊர் நின்னுச்சு. இப்போ அந்தக் கையறிவு ஒரு பக்கம், நம்ம டிகிரி ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்கு. எக்ஸ்போ ஹால்ல ரெண்டும் சந்திக்கணும். சந்திக்கலை.

ஆள் கிடைக்கலைன்னு சொல்ற முதலாளிக்கும் அம்மாவோட மூணாவது கேள்வி லாபம்தான். தோள் வலிக்காத, உக்காந்து செய்ய முடிஞ்ச வேலைக்கு ஆள் நிப்பாங்க. முதுகு போச்சுன்னு நாப்பத்தஞ்சு வயசுல நின்னுபோன கை தேர்ந்த செக்கிங் அக்காக்கள் எங்க தெருவுலயே இருக்காங்க.

அப்போ என்ன பண்ணலாம்?

முதல்ல, எக்ஸ்போவுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வியைக் கையில எடுத்துட்டுப் போங்க. அது இன்டர்நெட்ல கிடைக்காது, வீட்ல கிடைக்கும், இல்லைன்னா பக்கத்து வீட்ல. ஈ.சி.ஈ. பசங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஏற்றுமதி கம்பெனியில் ஊசி உடைஞ்சா, உடைஞ்ச துண்டு அத்தனையும் தேடி எடுத்து ரெஜிஸ்டர்ல ஒட்டினாத்தான் புது ஊசி தருவாங்க. ஒரு சின்னத் துண்டு கிடைக்கலைன்னா அந்த டெய்லர் தரையில உக்காந்து தேடணும், அதுவரைக்கும் லைன் நிக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவங்களுக்கு அது நேரா வருமான இழப்பு. இதை ஈசியாக்க முடியுமா? கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்களுக்கு: பீஸ் கணக்குல சனிக்கிழமை சம்பளத்தப்போ வர்ற சண்டையைத் தீர்க்க, டெய்லரும் நம்பற மாதிரி ஒரு ஆப் பண்ண முடியுமா? கெமிக்கல் பசங்களுக்கு: 2011-ல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாத முறை வந்துச்சு, நொய்யலுக்கு நல்லது. ஆனா தண்ணியை ஆவியாக்கின பிறகு மிஞ்சுற கலவை உப்பை என்ன பண்றதுன்னு சுத்திகரிப்பு நிலையங்கள் திணறிக்கிட்டு இருக்கு. அது உங்க பாடம்.

ரெண்டாவது, எக்ஸ்போ நடத்துறவங்களுக்கு. கடைசி நாள் ஞாயித்துக்கிழமையைத் தொழிலாளர்களுக்குன்னு வெளிப்படையா அறிவிங்க. விசிட்டிங் கார்டு கேக்காதீங்க. டெய்லர், நிட்டிங் ஆபரேட்டர், மெக்கானிக் கேள்வி கேக்கவும், அவங்களே பண்ணின சாமான்களைக் காட்டவும் ரெண்டு மூணு ஸ்டால் இலவசமா விடுங்க. தகட்டை வளைச்சு, ஒரு ஸ்டைலுக்கு ஒரு ஃபோல்டர்னு பண்ணித் தர்ற அண்ணன் ஒருத்தரை எனக்குத் தெரியும். கேட்லாக்ல இல்லாத வேலையைக் கேட்டாலும் ரெண்டு நாள்ல பண்ணிடுவார். அவர் இதுவரைக்கும் எந்த எக்ஸ்போவுக்கும் போனதில்லை.

மூணாவது, புராஜெக்டை ஸ்டால்ல வெக்கப்போற நமக்கு. 1873-ல் வியன்னாவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தப்போ, ஐடியா திருட்டுப் போயிடும்னு பயந்து வெளிநாட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் பலர் பொருளை அனுப்பவே தயங்கினாங்க. அந்தப் பயத்துல ஆரம்பிச்ச பேச்சுதான் 1883 பாரிஸ் உடன்படிக்கை வரைக்கும் போச்சு. இந்தியச் சட்டப்படி, விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே பொது எடத்துல காட்டிட்டா அந்தப் பொருள் 'புதுசு'ங்கிற தகுதியை இழந்துடலாம். மத்திய அரசு அறிவிக்கை செஞ்ச கண்காட்சிக்கு மட்டும் 12 மாசச் சலுகை இருக்கு. எல்லா எக்ஸ்போவும் அந்தக் கணக்குல வராது. அதனால முதல்ல தற்காலிக விவரக்குறிப்பு தாக்கல் பண்ணிடுங்க. தனி நபருக்கு ஆன்லைன்ல 1,600 ரூபாய்தான் கட்டணம். அதுல இருந்து 12 மாசத்துக்குள்ள முழு விவரக்குறிப்பு கொடுக்கணும்.

அந்தப் படிவத்துல கண்டுபிடிப்பாளர் பேர் எழுத ஒரு இடம் இருக்கும். குறையைச் சுட்டிக்காட்டினா மட்டும் ஒருத்தர் கண்டுபிடிப்பாளர் ஆகிட மாட்டார். ஆனா தீர்வுல பங்கு இருந்தா அவரும் கண்டுபிடிப்பாளர்தான், படிப்பு என்னன்னு சட்டம் கேக்காது. வழக்கமா நம்ம புராஜெக்ட்ல சார் பேர் வரும், பெஞ்ச்ல சும்மா உக்காந்திருந்தவன் பேரும் வரும். ராத்திரி பத்து மணிக்கு லேத்துல நின்னு அதைச் சரி பண்ணிக் கொடுத்த மெக்கானிக் பேர் வராது. அது தப்பு.

நாங்க நாலு பேர் இப்போ செக்கிங் டேபிள் ஒண்ணு பண்ணிக்கிட்டு இருக்கோம். உயரம் மாத்தலாம், சாய்வு மாத்தலாம், லைட் கண்ணுல அடிக்காத மாதிரி மேல இருந்து வரும். லைட்டை முதல்ல நாங்க எதிர்ப்பக்கம் வெச்சிருந்தோம். அம்மா வந்து பார்த்துட்டு, கருப்புத் துணியில ஓட்டை தெரியணும்னா துணிக்கு அடியில இருந்தும் ஒரு வெளிச்சம் வேணும்னு சொல்லி, எந்த எடத்துலன்னும் கையை வெச்சுக் காட்டினாங்க. அதை வெச்சோம். இப்போ வேலை செய்யுது. இன்னும் முடியலை, சாய்வு ஸ்க்ரூ அடிக்கடி லூஸ் ஆகுது. படிவம் போடும்போது அஞ்சு பேர் எழுதுவோம், நாலு இல்லை.

அடுத்த எக்ஸ்போவுக்கு டிபார்ட்மென்ட்ல பஸ் போடும்போது ரெண்டு சீட் காலியா வெக்கச் சொல்லி ஹெச்.ஓ.டி.கிட்டக் கேட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமையா இருந்தாத்தான் அம்மாவால வர முடியும். உங்க வீட்ல இருந்து யார் வர்றாங்கன்னு சொல்லுங்க, பெரிய பஸ்ஸாக் கேப்போம்.